ஒரு ‘ம்’ போதும்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ராஜபாளையத்திலிருந்து மதுரை வரைக்கும் இந்த ரோட்டோரம் நின்ற புளியமரங்களை எல்லாம் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். வெட்டிவிட்டார்கள். இப்போது கூப்பிட்டால் வராது.

கண் இப்படிச் செவந்திருக்கிறதே, நைட் டூட்டியா? ஆஸ்பத்திரி லேபில் வேலையா? சரிதான், ஊரார் ரத்தத்தை எடுத்து எடுத்து உங்கள் ரத்தம் பயந்துபோய்க் கண்ணுக்குள் ஒளிந்துகொண்டது. திருமங்கலத்தில் இறங்க வேண்டும், அதுவரைக்கும் ஒரு தூக்கம் போடலாம் என்று ஏறியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. பஸ் தூக்கம் பொல்லாதது. எனக்குத் தெரிந்த ஒருவன் சிவகாசி பஸ்ஸில் தூங்கி, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கழுத்தோடேயே கல்யாணமும் ஆயிற்று. தாலி கட்டியது யாருக்கு என்று அவன் பார்க்கும்போது மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்திருந்தது.

நான் பேசிக்கொண்டு வருகிறேன். நீங்கள் நடுநடுவே ஒரு ‘ம்’ சொன்னால் போதும். சத்தமாக வேண்டாம், தொண்டையிலிருந்து லேசாக. எனக்குக் கேட்டுவிடும். இந்த உடம்பில் காது மட்டும்தான் இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. மற்ற உறுப்பெல்லாம் மருமகள் கட்சிக்குப் போய்விட்டன.

அதற்கு முன்னால் ஒரு உதவி. உங்கள் போனில் ஒரே ஒரு கால். என் போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். மருமகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். நேற்று வரைக்கும் கிணற்றில் விழுந்தாலும் அடிக்கிற போன் அது. காலையில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டால் ரிப்பேர் என்கிறாள். மகன் நம்பர் எனக்கு மனப்பாடம். போடுங்கள், சொல்கிறேன்.

தவசி, அப்பாதான். பஸ் ஏறிட்டேன். ஒரு தம்பி போன்ல இருந்து பேசுறேன். ஆஸ்பத்திரியில வேலை பாக்குற நல்ல தம்பி. நீ தூங்கலையா? ம்? சரி, படு படு.

பார்த்தீர்களா, முதல் ரிங்கிலேயே எடுத்தான். அவன் பேர் தவசிலிங்கம். எனக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பெண் செல்வராணி மேலூரில் இருக்கிறாள். அவளுக்கு என்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறதாம். மருமகள் சொன்னாள். செல்வராணி என்னிடம் சொல்லவில்லை, மருமகளிடம்தான் சொன்னாளாம். எனக்குத் தெரிந்து அந்த ரெண்டு பேரும் பேசிக்கொள்வதே கிடையாது. என் விஷயத்தில் ஒற்றுமை வந்துவிட்டது, நல்லதுதானே.

நான் குருவையா. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனில் ராத்திரிக் காவல்காரன். இப்போது இல்லை, ரிட்டையர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தூங்கினதே கிடையாது தம்பி. சிரிக்காதீர்கள். தூக்கம் என்பது மூக்குப்பொடி மாதிரி ஒரு பழக்கம். விட வேண்டும் என்று நினைத்தால் விட்டுவிடலாம். எனக்குத் துணையாக மில்லுக்காரர்கள் ஒரு ராஜபாளையத்து நாய் வாங்கிவிட்டார்கள். வெள்ளை நாய், புலி மாதிரி இருந்தது. நான் விழித்திருக்கிற அழகைப் பார்த்து, இந்த ஆளே போதும் என்று அது படுத்தது. தூங்கித் தூங்கிப் பெருத்து, கடைசியில் பஞ்சுப் பொதி என்று நினைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

என் மருமகள் அங்காளீஸ்வரிக்கு இதில் நம்பிக்கை இல்லை. “மாமா, நீங்க தூங்காத மனுசன்னா வீட்டுல கேக்குற குறட்டைக்கு யாரு பொறுப்பு?” என்று கேட்பாள். அது காவல் குறட்டை என்று அவளுக்கு எப்படிப் புரியும்? ஒரு தடவை திருடன் வந்தான். நான் வேண்டுமென்றே கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். கிழவன் தூங்குகிறான் என்று அவன் தைரியமாக உள்ளே போனான். நான் குறட்டையைக் கூட்டினேன். பொதிகள் அதிர்ந்தன. மேலே இருந்த ஒன்று உருண்டு அவன்மேல் விழுந்தது. காலையில் மேனேஜர் வந்து பொதியைப் புரட்டிப் பார்த்தால் திருடன் அடியில் சுகமாகத் தூங்குகிறான். எழுப்பினால், இன்னும் கொஞ்ச நேரம் சார் என்கிறான்.

ம் சொல்லுங்கள். ஆங், அப்படித்தான்.

தவசிக்கு என் உடம்பு வரவில்லை. அவன் அம்மா உடம்பு. ஸ்பின்னிங் மில்லில் வேலை. நூல் அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் ஒட்டவேண்டும், மறுபடி ஓடவேண்டும், ராத்திரி முழுக்க அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் ஷிப்ட் மாறி மாறி வரும். இவன் வாயில்லாப் பூச்சி. நைட்டுக்கு ஆள் இல்லை என்று ஒரு தடவை கேட்டார்கள், சரி என்றான். அதிலிருந்து நைட் என்றாலே தவசிதான் என்று ஆகிவிட்டது.

காலையில் வருவான். புருவத்தில் பஞ்சு, காதோரத்தில் பஞ்சு, மூக்கு முடியில் பஞ்சு. நாடகத்தில் கிழவன் வேஷம் போட்ட சின்னப் பையன் மாதிரி இருப்பான். பாதி குளிப்பான், பாதி சாப்பிடுவான். அதற்குள் ஈஸ்வரி சத்திரப்பட்டிக்குக் கிளம்பிவிடுவாள், அங்கே பேண்டேஜ் துணி செய்கிற இடத்தில் வேலை. எங்களுடையது லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. கதவைச் சாத்தினால் நானும் அவனும்தான். என் கட்டில் சுவரோரம், அவன் பாய் என் கட்டில் காலடியில்.

நீங்களே சொல்லுங்கள். நான் விடிந்ததிலிருந்து ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். வந்த ஆள் வாயைத் திறக்காமல் படுத்துக்கொண்டால் நான் யாரோடு பேசுவது, சுவரோடா? அதனால் அவன் படுத்ததும் ஒரு கதை ஆரம்பிப்பேன். தூக்கம் வருவதற்குத்தான். அவன் ‘ம்’ என்பான். நான் தொடருவேன். அவன் ‘ம்’ என்பான். கொஞ்ச நேரத்தில் கண் மூடிக்கொள்ளும், வாய் திறந்துகொள்ளும், ஆனால் ‘ம்’ நிற்காது. தூக்கத்திலேயே ‘ம்’ கொட்டுகிற பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? என் பிள்ளை கொட்டுவான். சில சமயம் ‘ம்’ வரத் தாமதமாகும். அப்போது கட்டிலிலிருந்தே காலை நீட்டி அவன் பாதத்தில் லேசாகத் தட்டுவேன். லேசாகத்தான். உடனே வந்துவிடும்.

அப்பா மேல் அவ்வளவு மரியாதை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்கள். வைக்கும்போது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

தவசி, அப்பாதான்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டோம். பால்கோவா வாங்கட்டுமா? ஆமா, நான் மேலூருக்குல்ல போறேன், உனக்கு எப்படிக் கொடுக்க. சரி. ம்? சரி சரி.

எடுத்துவிட்டான். நல்ல பிள்ளை.

எங்கே விட்டேன்? ஆங், அவன் உடம்பு. முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவான். ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்டு கிளம்புவான். பல் விளக்க உட்கார்ந்தால் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான், தண்ணீர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதுபோல. எங்கள் தெருவையே தாண்டிப் போய் அடுத்த தெருவில் அதே நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினான் ஒரு நாள். திறந்த பொம்பளையைப் பார்த்து, “ஈஸ்வரி இல்லையா?” என்று கேட்டிருக்கிறான். நான் இதை வைத்து ஒரு கதை கட்டி டீக்கடையில் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் கோபம். அவனுக்குக் கோபமே வராது தம்பி. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியதென்று சொம்பை எடுத்துச் சுவரில் எறிந்தான். எறிந்துவிட்டு, அந்த நசுங்கின சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். சொம்புக்கா அழுகிறாய் என்று கேட்டேன். தெரியலைப்பா என்றான். கன்னம் ஒட்டிப்போய் வயிறு மட்டும் முன்னால் வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, யாரோ உள்ளே ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றான். நூல் ஒட்ட ஓடி ஓடி நெஞ்சுக்கும் பழகிப்போச்சு என்று சொன்னேன்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்ணேறு. அடுத்தது டீ. நிறைய டீ குடிக்கிறான்.

ஈஸ்வரிதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன், வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய? டாக்டர் சின்ன வயசு. பிரஷர் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்றார்கள். இந்த வயதுக்கு இதெல்லாம் வரக்கூடாது என்றார். பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று அவனைக் கேட்டார். அவன் என் பக்கம் திரும்பினான். நான் சொன்னேன்: “நல்லாத் தூங்குவான் சார், தூங்கிக்கிட்டே கதை கேப்பான்.” டாக்டர் என்னைப் பார்த்தார். சரி, கேட்கிற மனுஷன் என்று திருடன் கதையை ஆரம்பித்தேன். நல்ல இடத்துக்கு வருகிறபோது பார்க்கிறேன், தவசி நாற்காலியிலேயே தலை தொங்கித் தூங்குகிறான். வாயிலிருந்து எச்சில் வடிகிறது. டாக்டர் முன்னால் இப்படியா? முழங்கையால் ஒரு இடி இடித்தேன். அவன் விருட்டென்று நிமிர்ந்து ‘ம்’ என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்.

வெளியே எனக்குக் கேட்டது. காது நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே. “இவருக்கு மருந்து தூக்கம்தாம்மா. ரூமை இருட்டாக்குங்க. சத்தம் இருக்கக் கூடாது. யாரும் எழுப்பக் கூடாது. இப்படியே போனா ஒண்ணு மூளை கெடும், இல்ல நெஞ்சு நிக்கும். மெஷின்கிட்ட வேற நிக்கிறாரு.” அதற்கு ஈஸ்வரி ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அது மட்டும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மாத்திரை கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவன் வந்தான், ஈஸ்வரி மாத்திரையைப் போடவைத்தாள், ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். “மாமா, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க.” விழவேண்டாம்மா, நான் டீக்கடைக்குப் போய்விடுகிறேன் என்றேன். போனேன். சத்தியமாகப் போனேன். டீக்கடையில் ஒரு ஆளும் இல்லை. என்ன செய்ய, வந்துவிட்டேன்.

வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இருட்டு. அவன் மல்லாந்து கிடக்கிறான். பேசவில்லை நான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, “தவசி” என்றேன். ‘ம்’ வரவில்லை. “யானைக் கதை சொல்லட்டுமாடா?” வரவில்லை. பாதத்தில் தட்டினேன். வரவில்லை. பாதம் ஜில்லென்று இருந்தது.

எனக்குக் கண் சரியில்லை, இருட்டில் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவில்லை. அவன் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சில் ஒரு துளி எடுத்தேன். பிரித்து மெல்லிசாக்கி அவன் மூக்குக்கு நேரே வைத்தேன். மூச்சு இருந்தால் ஆடும், அவ்வளவுதான் கணக்கு. பஞ்சு நழுவி மூக்குத் துவாரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கலாமா, எடுத்தால் விழித்துவிடுவானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மனசு கேட்காமல் ஈஸ்வரி அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறாள்.

அவள் என்ன பார்த்தாள்? ஜன்னலில் துணி. புருஷன் மல்லாந்து ஆடாமல் அசையாமல். மூக்கில் பஞ்சு. பக்கத்தில் நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் போட்ட சத்தம் இருக்கிறதே தம்பி. நான் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன், இது கதை இல்லை, எங்கள் லைனில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். லைன் முழுக்க உள்ளே வந்துவிட்டது. ஒருத்தி ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டு மாரிக்கனி இந்த மாதிரிக் காரியத்தில் சுறுசுறுப்பு. என்ன ஏது என்று கேட்கவில்லை, வேட்டி ஓரத்தைக் கிழித்துத் தவசியின் ரெண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மூச்சு இருக்கான்னு பார்த்தேன், மூச்சு இருக்கான்னுதான் பார்த்தேன் என்று. அந்தச் சத்தத்தில் யார் கேட்கிறார்கள்?

அப்போதுதான் அவன் கண்ணைத் திறந்தான். நல்ல தூக்கம், மாத்திரைத் தூக்கம், அதிலிருந்து பிய்த்து எடுத்தமாதிரி திறந்தான். மேலே சுற்றிலும் அழுகிற முகங்கள். மூச்சு விட்டால் பஞ்சு. காலை இழுத்தால் கட்டு. அவன் கத்தவில்லை. என்னை மட்டும் பார்த்து, “அப்பா, எப்போ?” என்று கேட்டான்.

எப்போ என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன சொல்ல முடியும்? இல்லடா, நீ இருக்கடா என்றேன். ‘ம்’ என்றான்.

ஏன் பஞ்சை வைத்தீர்கள் என்று லைனே என்னைக் கேட்டது. மாரிக்கனி கேட்டார், விரலைக் கட்டிய ஆள், அவர் கேட்கிறார். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது.

என் சம்சாரம் சீனியம்மாள். அவள்தான் முதலில் எனக்கு ‘ம்’ கொட்டியவள். அவளைப்போல் யாரும் கொட்ட முடியாது. ஆச்சரியத்துக்கு ஒரு ‘ம்’, நம்பாததற்கு ஒரு ‘ம்’, போதும் நிறுத்தும்யா என்பதற்கு ஒரு ‘ம்’. ஒரு மத்தியானம் அவள் படுத்திருந்தாள், நான் யானைக் கதை சொன்னேன். தூக்கமே வராத ஒரு யானை. அய்யனார் கோயில் மலையிலிருந்து இறங்கி வருகிறது. ஊரில் தலையணை கேட்கிறது. எந்தத் தலையணையும் அதன் தலைக்குப் போதவில்லை. கடைசியில் எங்கள் குடோனுக்கு வந்து, காவல்காரரே, ஒரு பொதி பஞ்சு கொடுங்கள், காலையில் திருப்பித் தருகிறேன் என்கிறது. நான் கொடுக்கிறேன். யானை பொதியில் தலை வைக்கிறது. அந்த இடத்தில் சீனியம்மாளின் ‘ம்’ நின்றுவிட்டது.

சரி, தூங்கிவிட்டாள், தூங்கட்டும் என்று நான் வாயை மூடினேன். ரேடியோவை நிறுத்தினேன். கோழியை விரட்டினேன். பால்காரன் வந்து மணியடித்தான். வாசலுக்கு ஓடிப்போய், தூங்குறாப்பா, சத்தம் போடாதே என்று அனுப்பிவைத்தேன். செல்வராணி பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள், அவளையும் உள்ளே விடவில்லை. வெயில் இறங்குகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு ஈ காக்கை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டேன். காவல் என்றால் அப்படி ஒரு காவல். பஞ்சு குடோனைக்கூட நான் அப்படிக் காத்தது கிடையாது.

விளக்கு வைக்கிற நேரம் எழுப்பப் போனேன்.

என்ன இது, டிரைவர் பிரேக்கை இப்படிப் போடுகிறார். ஆடு குறுக்கே வந்துவிட்டதா? இந்த ஊர் ஆடுகள் எல்லாம் என்னைப் பார்க்கத்தான் ரோட்டுக்கு வருகின்றன, போன ஜென்மத்துப் பழக்கம்.

எங்கே விட்டேன்? தவசி. அன்றைக்கப்புறம் அவனுக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது. மாத்திரையைக் கூட்டினார்கள், மாத்திரைக்குத்தான் தூக்கம் வந்தது. கண்ணை மூடினால் மூக்கில் பஞ்சு இருக்கிறது என்கிறான். எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி ரத்தம் வருகிறது. படுக்கும்போது ரெண்டு காலையும் அகட்டி வைத்துக்கொள்கிறான், யாரும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாதாம். மில்லில் பக்கத்து மெஷின்காரனிடம் போய், அண்ணே, நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியுதா என்று கேட்டிருக்கிறான். ஒரு நாள் நூலை ஒட்டப்போய்க் கையை எங்கேயோ வைத்துவிட்டான். ஒரு விரல் நுனி போய்விட்டது. வலிக்கலைப்பா என்றான் என்னிடம். சந்தோஷமாகச் சொன்னமாதிரி இருந்தது எனக்கு. செத்தவனுக்கு எப்படி வலிக்கும் என்பதுபோல.

மில்லில், உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ராத்திரியும் தூக்கமில்லை, பகலும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தாங்காது. நான் விடுவேனா? கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். எந்த நேரமும் பேசுகிறேன். முந்தாநாள் அவனே கேட்டான்: “அப்பா, அந்த யானை கடைசியில தூங்குச்சா?” எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்துக்கு மேல் நான் சொன்னதே இல்லையே. தெரியலைடா, நீ ‘ம்’ சொல்லு, மறுபடி முதல்லேருந்து வர்றேன், தானா வரும் என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அந்த விரல் நுனி இல்லாத கையோடு. எதற்குக் கும்பிட்டான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கதை அவ்வளவு பிடித்துவிட்டதோ என்னவோ.

ஈஸ்வரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம், செல்வராணிக்கு உங்களைப் பார்க்கணும்போல இருக்காம் மாமா என்றாள். என் துணியெல்லாம் அதற்கு முன்னாலேயே பையில் இருந்தது. குளிர்காலச் சட்டைகூட. இந்த வெயிலில்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள்தான் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, “மாமா, அவரு பாவம் மாமா” என்றாள். எனக்குத் தெரியாதா அவன் பாவம் என்று? நான் பெற்றவன்.

கல்லுப்பட்டி வந்தாயிற்றா? போனைக் கொடுங்கள் தம்பி. சார்ஜ் குறைவா? ஒரு ‘ம்’முக்கு எவ்வளவு சார்ஜ் ஆகிவிடப்போகிறது.

அடிக்கிறது.

அடித்துக்கொண்டே இருக்கிறது. முதல் ரிங்கில் எடுக்கிறவன்.

இன்னொரு தடவை போடுங்கள். அடிக்கிறது. எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று. தவசி? யாரு, ஈஸ்வரியா? ஏன்மா குசுகுசுன்னு பேசுற, அவன் எங்க? ம்? என்னது? சத்தமாச் சொல்லு. போனை வைக்காத. ஈஸ்வரி. ஈஸ்வரி.

வைத்துவிட்டாள்.

தூங்குகிறானாம். இப்போதுதான் கண் அசந்தானாம். எப்பவோ ஒரு தூக்கம், தெய்வம் கொடுத்தது, போன் பண்ணாதீங்க என்கிறாள். பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். லீவு போட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், ஒருத்தரையும் உள்ளே விடமாட்டாளாம்.

வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு என்ன தெரியும் தம்பி? உள்ளே போய்ப் பார்த்தாளா? ‘ம்’ சொல்கிறானா என்று கேட்டாளா? தூங்குறாரு, சத்தம் போடாதீங்க என்கிறாள். பால்காரனிடம் நானும் இதையேதான் சொன்னேன்.

கண்டக்டர், விசில் அடிங்க. ஆளு இறங்கணும். மேலூர் எங்கேயும் ஓடிப்போகாது. எதிர்த்தாற்போல் நிற்கிறது ராஜபாளையம் வண்டிதானே? அது கிளம்புவதற்குள் ஏறிவிடுவேன். போய் ஒரு தட்டு, பாதத்தில், லேசாக. அவன் ‘ம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கட்டும், நான் குறுக்கே நிற்கவா போகிறேன்.

இந்தாருங்கள் உங்கள் போன். அவள் திரும்பக் கூப்பிட்டால், குருவையா வந்துகொண்டிருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் தூக்கத்தையும் கெடுத்துவிட்டேன். இனி யாரும் பேசமாட்டார்கள், கண்ணை மூடுங்கள். திருமங்கலம் வந்ததும் எழுப்பச் சொல்லிக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்குள் மூடிவிட்டீர்களா? தம்பி. தம்பி. ஒரே ஒரு ‘ம்’ சொல்லுங்கள், இறங்கிக்கொள்கிறேன்.